இல்லாத விமானத்துக்குப் பெல்ட்

செங்கோட்டையன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. நூலைக் கொளுத்திப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. யாராவது இது சுத்தப் பருத்தி என்று சொன்னால் ஓர் இழையை உருவி, குச்சியைக் கிழித்துப் பற்ற வைத்து, மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். காகிதம் எரிந்த வாடை வந்தால் பருத்தி. கரும்புகை விட்டு உருண்டு கெட்டியானால் பாலியஸ்டர். நூல் வியாபாரியின் கண் முன்னாலேயே செய்வார். மறைவாகச் செய்கிற நாகரிகமெல்லாம் அவருக்கு வராது. சம்பந்தி வீட்டில் மரியாதையாக வைத்துக் கொடுத்த பட்டு வேட்டியிலும் ஓர் இழை உருவினார் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு உண்டு. அதைப் பற்றி அவர் மனைவி ஞானாம்பாளிடம் கேட்டால், "ஒண்ணு இல்லீங்க, ரெண்டு இழை" என்பார்.

அவிநாசிபாளையத்திலிருந்து பொங்கலூர் போகிற பாதையில் அவருக்குப் பன்னிரண்டு தறி போட்ட நாடா கம்பெனி. ஜட்டிக்கு எலாஸ்டிக், டிராக் பேண்ட்டுக்கு இடுப்பு நாடா, பைக்குக் கைப்பிடி வார் என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தேவையான ஒல்லி ஒல்லியான சமாச்சாரமெல்லாம் அங்கே நெய்யப்படும். பரம்பரையாக நெசவுக் குடும்பம், முருகன்தான் குலத்துக்குத் துணை. கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறுவார். மலையேறும்போது இடது செருப்பை ஒரு கடை வாசலிலும் வலது செருப்பை நாலு கடை தள்ளியும் விட்டுவிட்டுப் போவார். ஒற்றைச் செருப்பை எவனும் எடுக்க மாட்டான் என்பது கணக்கு. முருகனை நம்புவார், முருகனைப் பார்க்க வருகிறவர்களை நம்ப மாட்டார்.

இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் சந்தேகப்படுகிறவனைத் தொழில் தெரிந்தவன் என்றுதான் சொல்வார்கள். கலப்பட நூலை வாங்கி நாலு கண்டெய்னர் சரக்கு திரும்பி வந்து படுத்துவிட்ட கம்பெனிகளை விரல் விட்டு எண்ணி மாளாது. செங்கோட்டையன் படுக்கவில்லை. முப்பது வருடமாகத் தீப்பெட்டி அவரைக் காப்பாற்றி வந்தது.

அவர் சந்தேகப்படாத ஆள் ஒருவன் இருந்தான். பெயர் மூக்கையா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பதினான்கு வருடம் முன்பு நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்து, தறியின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்து, இப்போது தறி மாஸ்டர். அவன் மனைவி நாகஜோதிக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. செங்கோட்டையன் குடும்பத்தோடு பழனிக்குப் போனால் கம்பெனிச் சாவி மூக்கையாவிடம் இருக்கும். "மூக்கையா கையில இருந்தா என்ற கையில இருக்கற மாதிரி" என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பெயர் அனுப்ரியா, இன்ஜினீயர் என்றாள். பையிலிருந்து ஒரு துண்டு பெல்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாலு விரல் அகலம், கல் மாதிரி கெட்டி.

"இது வெளிநாட்டுல இருந்து வருதுங்க. இதே மாதிரி நம்மூர்ல நெய்ய முடியுமான்னு பாக்க வந்தேன்."

"எதுக்குங்க அம்மணி இது? லாரிக்கா?"

"விமானத்துக்குங்க. ராணுவத்துக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற பெரிய விமானம் ஒண்ணு புதுசா டிசைன் பண்ணிட்டு இருக்கோம். வண்டி, பீரங்கியெல்லாம் அப்படியே வயித்துக்குள்ள ஏத்தோணும். ஏத்துனது நகராம இருக்க, தரையில வளையம் வெச்சு இந்த பெல்ட்டுல கட்டுவாங்க."

"விமானம் எங்கீங்க இருக்குது?"

"இன்னும் இல்லீங்க."

செங்கோட்டையன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இல்லீங்களா?"

"படத்துலதானுங்க இருக்குது. அது பறக்கறதுக்கு இன்னும் எட்டு வருசமோ பத்து வருசமோ ஆகுமுங்க."

"இல்லாத விமானத்துக்குப் பெல்ட்டு கேட்டு அவிநாசிபாளையம் வந்திருக்கறீங்க."

அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் படம் போட்டுக் காட்டினாள். விமானத்தின் தரையை மட்டும் நிஜ அளவில் இரும்பில் செய்து கோயம்புத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்களாம். பன்னிரண்டு டன் காங்கிரீட் கட்டியை அதன் மேல் வைத்து, பெல்ட்டால் கட்டி, தரையை ஜாக்கி வைத்துச் சாய்ப்பார்களாம். பெல்ட் எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு தாங்குகிறது என்று தெரிந்தால்தான் வளையத்தை எத்தனை அடிக்கு ஒன்று வைப்பது, அதற்குக் கீழே சட்டம் எவ்வளவு கனம் என்று முடிவு செய்ய முடியும். அது முடிவானால்தான் விமானத்தின் எடை தெரியும்.

"கட்டு எப்படி நிக்குதுன்னு தெரியாம விமானத்தை வரையவே முடியாதுங்கய்யா."

சொன்னது புரிந்தது. புரிந்ததுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஏமாற்ற வருகிறவர்கள்தான் இவ்வளவு தெளிவாகப் பேசுவார்கள் என்பது அவர் அனுபவம். தீப்பெட்டியை எடுத்து, அவள் கொண்டுவந்த பெல்ட்டின் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினார். வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் துண்டு அது ஒன்றுதான். அவள் பதறிப்போய் எழுந்துவிட்டாள். கரும்புகை வந்தது. பாலியஸ்டர்தான். அந்த அளவுக்கு அவள் உண்மை பேசினாள்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"சேவூருங்க. எங்கப்பா பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க."

அவள் போனதும் சேவூரில் இருக்கிற ஒன்றுவிட்ட மச்சானுக்குப் போன் போட்டார். வாத்தியார் உண்டு, மகளும் உண்டு, ஆனால் அந்தப் பெண் பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றல்லவா சொன்னார்கள் என்றார் மச்சான். செங்கோட்டையனுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஞானாம்பாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ராணுவ வேலைன்னா ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டா போவாங்கோ? கம்ப்யூட்டர்னு சொல்லியிருப்பாங்க. சாப்பிடுங்க" என்றார்.

அவரை மசிய வைத்தது மனைவியின் பேச்சு அல்ல, அடுத்த வாரம் அனுப்ரியா கொண்டுவந்த ஒப்பந்தத் தாள்கள்தான். தறி ஓடும் இடத்தில் யாரும் போன் கொண்டு போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. நெய்த பெல்ட்டில் கழிவுத் துண்டு விழுந்தால்கூட எடை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சோதனைக்காக அவர்கள் கொடுக்கும் ஆறு பக்கிளுக்கும் நம்பர் உண்டு, ஒன்றும் வெளியே போகக் கூடாது. படிக்கப் படிக்கச் செங்கோட்டையன் முகம் மலர்ந்தது. தன்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் மூக்கையா ஒரு தறியோடு மல்லுக்கட்டினான். இடுப்பு நாடா நெய்கிற தறிக்கு அந்தத் தடித்த நூல் ஒத்து வரவில்லை. ஊசி ஊசியாக ஒடிந்தது. கடைசியில் அவனாகவே சீப்பை மாற்றி, இழுவைக்கு ஒரு கனத்த உருளை வைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து நெய்து காட்டினான். சாயம் போடாத வெள்ளை பெல்ட். அனுப்ரியா அதைக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு மறுநாளே கூப்பிட்டாள். ஐந்து டன் தாங்க வேண்டிய பெல்ட் ஆறு டன்னுக்கு மேல் போய்த்தான் அறுந்ததாம். பக்கிளிலும் அசையாமல் நின்றதாம். நாற்பது ரோல் நெய்து, ராணுவப் பச்சை நிறம் போட்டு அனுப்பச் சொன்னாள். செங்கோட்டையன் அன்று மூக்கையாவுக்குத் தன் கையால் டீ ஊற்றிக் கொடுத்தார். கம்பெனியில் அதற்கு முன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

சாயம் போடுவது பக்கத்திலேயே கன்னையன் டையிங்கில். கன்னையன் இருபது வருடப் பழக்கம். பழக்கம் என்பதற்காகச் செங்கோட்டையன் அவரை நம்பினார் என்று அர்த்தமில்லை. அனுப்ரியாவின் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொன்னார். பதினோராவது வரியில், சாயத்துக்கு மேல் வேறெந்த ஃபினிஷிங்கும் கூடாது என்று இருந்தது.

"ஃபினிஷிங் நாம எங்கீங்க பண்றோம்?" என்றார் கன்னையன். "சாயம், கழுவறது, சாஃப்ட்னர், காய வெக்கறது. அவ்வளவுதானுங்களே."

"ஆமா, அவ்வளவுதான்" என்றார் செங்கோட்டையன். அடுத்த வரிக்குப் போனார்.

திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் ஒரு தப்பும் தெரியாது. வாங்குகிறவன் வெள்ளைக்காரனோ வடநாட்டுக்காரனோ, துணியை எடுத்ததும் முதலில் விரலால் தடவிப் பார்ப்பான். விரலுக்கு இதமாக இருந்தால்தான் ஆர்டர். அதனால் எந்தத் துணியும் கடைசித் தொட்டியில் சாஃப்ட்னர் மருந்தில் முங்காமல் வெளியே போகாது. சோற்றுக்கு உப்புப் போட்டாயா என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரிதான். அது ஒரு தனி வேலை, ஒரு ஃபினிஷிங் என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது.

செங்கோட்டையனுக்கு அங்கே வேறொரு சந்தேகம் வந்தது. பாலியஸ்டர்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று கன்னையன் மருந்தைக் குறைத்துவிடுவாரோ என்று. அதனால் ஒரு முழுப் பகல் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். கன்னையன் ஊற்றிய பிறகு, "பத்தாதுங்க, இன்னும் அரைக் கேன் ஊத்துங்க. விமானத்துக்குப் போறது" என்றார். கன்னையன் முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். பச்சை பெல்ட் காய்ந்து வந்தபோது வழவழவென்று அவ்வளவு அழகாக இருந்தது. செங்கோட்டையன் தடவித் தடவிப் பார்த்தார்.

சரக்கு அனுப்ப மூன்று நாள் இருந்தது. காலையில் வந்ததும் மூக்கையா மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, ஒரு சமாச்சாரம். சாயம் போட்டு வந்த பெல்ட்டு பக்கிள்ல நிக்க மாட்டேங்குது. வழுக்குது."

"உனக்கெப்புடித் தெரியும்?"

"கையில புடிக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சுய்யா. அதான் நேத்து சாயங்காலம் ஒரு துண்டையும் ஒரு பக்கிளையும் வீட்டுக்குக் கொண்டு போனேன். வண்டியில ரெண்டு மூட்டை அரிசியை வச்சுக் கட்டிப் பாத்தேன். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குனதும் மூட்டை ஒரு சாண் நகந்துபோச்சு. பெல்ட்டு அறுகலை. பக்கிளுக்குள்ள உருவிக்கிட்டு வந்துருச்சு."

இவ்வளவையும் அவன் சொன்னான். செங்கோட்டையன் காதில் விழுந்தது, வீட்டுக்குக் கொண்டு போனேன் என்பது மட்டும்தான்.

"வெளிய கொண்டு போனியா?"

"திருப்பிக் கொண்டாந்துட்டேன்யா. இந்தா இருக்கு."

"யாருகிட்டக் காட்டுன?"

"யாருகிட்டயும் காட்டலைய்யா. வழுக்குதுன்னு சொல்றேன்..."

"அந்தப் பல்லடத்து நாடா கம்பெனிக்காரனுக்கா? போன வாரம் வாசல்ல நின்னு போன்ல குசுகுசுன்னு பேசிட்டிருந்தியே, அவங்கூடத்தானே?"

போன வாரம் போனில் பேசியது அவன் மைத்துனனிடம். மூக்கையா அதைச் சொன்னான். சொன்ன விதத்தில் ஒரு தடுமாற்றம் இருந்தது, எதிர்பாராத அடி விழுந்தால் யாருக்கும் இருக்கும். செங்கோட்டையனுக்கு அந்தத் தடுமாற்றமே போதுமானதாக இருந்தது. பதினான்கு வருடம் ஒருவனைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டோமே, எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. விட்டுப்போன பதினான்கு வருடத்தையும் சேர்த்து அந்த அரை மணி நேரத்தில் சந்தேகப்பட்டுத் தீர்த்தார். எந்தெந்த நாளில் நூல் கூடை குறைந்தது, எந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாவியை வைத்திருந்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். மூக்கையா முதலில் பதில் சொன்னான், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். மத்தியானம் அவனை வேலையை விட்டு அனுப்பினார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாடா கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் மூக்கையாவின் ஆதார் படத்தைப் போட்டு, 'இவன் மெட்டீரியலை வெளியே கடத்துகிறவன், யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்' என்று எழுதினார். நூற்று நாற்பது பேர் இருக்கிற குரூப். இருபத்திரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அன்று சாயங்காலம் ஞானாம்பாள் கேட்டார், "வழுக்குதுன்னு சொன்னானே, அதப் பாத்தீங்களா?" என்று. "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்றார் செங்கோட்டையன். நாற்பது ரோலும் கிளம்பிப் போயின.

பத்து நாள் கழித்து அனுப்ரியா போன் செய்தாள். குரலில் உயிர் இல்லை. தரையைச் சாய்த்தபோது பன்னிரண்டு டன் கட்டியும் வழுக்கி இறங்கிவிட்டது. தரையில் இருந்த மூன்று வளையம் பிய்ந்தது, அடியில் இரண்டு சட்டம் வளைந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை. சோதனையை இரண்டு மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள்.

"எனக்குத் தெரியுமுங்க அம்மணி. அந்தத் துரோகியோட வேலை இது" என்றார் செங்கோட்டையன். அவருக்கு வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம் இருந்தது. சொன்னது பலித்துவிட்டதே.

மறுநாள் அவள் நேரில் வந்தாள். கையில் ஒரு நீளப் படிவம். நூல் உள்ளே வந்ததிலிருந்து பெல்ட் வெளியே போனது வரைக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் எழுத வேண்டும், கடைசியில் தவறு எங்கே, யாரால் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். செங்கோட்டையன் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். மூக்கையா என்று ஒருவன், தறி மாஸ்டர், பெல்ட்டையும் பக்கிளையும் திருட்டுத்தனமாக வெளியே கொண்டு போனான், யாரிடமோ கைக்கூலி வாங்கிக்கொண்டு நெசவில் ஏதோ பண்ணிவிட்டான்.

"நெசவுல ஒண்ணும் இல்லீங்களே. ஒரு பெல்ட்டுகூட அறுகலீங்க. எல்லாம் பக்கிள்ல வழுக்கியிருக்குது" என்றாள் அனுப்ரியா. "அவரு எதுக்குங்க வெளிய கொண்டு போனாரு?"

"மொபட்ல அரிசி மூட்டையக் கட்டிப் பாத்தானாமுங்க. வழுக்குதுன்னு வந்து கதை சொன்னான்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "எப்பங்க சொன்னாரு?"

"சரக்கு அனுப்பறதுக்கு மூணு நாள் முன்னால."

அனுப்ரியா பேனாவை மேசை மேல் வைத்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடச் செங்கோட்டையன் ஏதாவது பதில் பேசியிருப்பார். அவள் கோபப்படவில்லை.

"வெள்ளை பெல்ட்டு நின்னுச்சுங்க. பச்சை பெல்ட்டு நிக்கலீங்க. நடுவுல என்ன பண்ணுனீங்கய்யா?"

"சாயந்தானுங்க போட்டோம். கழுவுனோம். சாஃப்ட்னர் போட்டோம். காய வெச்சோம்."

"சாஃப்ட்னரா?"

"அது எப்பவும் போடறதுதானுங்களே" என்று சொல்லும்போதே அவர் எழுந்துவிட்டார். அலமாரியில் வெள்ளைத் துண்டு ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து இடது கையில் அதையும் வலது கையில் பச்சையையும் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை விரலைப் பிடித்தது. பச்சை விரலை விட்டு ஓடியது. தீப்பெட்டி தேவைப்படவில்லை.

யாரால் என்ற கட்டம் காலியாக இருந்தது. செங்கோட்டையன் மனதில் ஒரு நிமிடம் கன்னையன் பெயர் வந்து நின்றதை மறைக்க வேண்டியதில்லை. டையிங்காரன் ஊற்றினான் என்று எழுதினால் முடிந்தது, அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஸ்டூலும் அரைக் கேனும் அவருக்கு ஞாபகம் இருந்தன. வேறு யாருக்கும் தெரியாது என்பது அவருக்கு உதவவில்லை.

"நாந்தானுங்க" என்றார். "பக்கத்துல உக்காந்து, பத்தாது பத்தாதுன்னு நாந்தான் ஊத்த வெச்சேன். எழுதிக்கங்க."

அவள் எழுதினாள். போகும்போது, இன்னொரு வாய்ப்புக் கேட்டு மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். "அந்த மூக்கையாவை நான் பாக்கோணுமுங்க" என்றாள்.

குரூப்பில் போட்டதை அழிக்கப் பார்த்தார். நாள் கடந்துவிட்டதால் அழிய மாட்டேன் என்றது. 'மூக்கையா மேல் தவறில்லை, நல்ல மனிதர்' என்று புதிதாக எழுதிப் போட்டார். கட்டை விரல் ஏழுதான் வந்தது. பல்லடத்துக்காரர், 'யார் மூக்கையா?' என்று கேட்டிருந்தார். அவர் ஒருவராவது முதல் செய்தியைப் படிக்கவில்லை என்று தெரிந்தது.

மூக்கையா குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனபோது நாகஜோதி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அவரு கோழிப் பண்ணையில மூட்டை தூக்கப் போயிருக்காரு. தறி வேலைக்கு எங்க போனாலும் போட்டோவை எடுத்துக் காட்டுறாக. எங்க கம்பெனியில என்னையவும் ஒரு மாதிரியாப் பாக்குறாக. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேங்குறா" என்றாள். "இப்ப என்னய்யா காணோம்?"

செங்கோட்டையன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையது என்று சொன்னார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. மூக்கையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான், தலையெல்லாம் தவிட்டுத் தூசி. மொபட்டை விற்றுவிட்டான் போலிருக்கிறது. அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லி, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டான். திட்டவில்லை. திங்கட்கிழமை வருகிறேன் என்றான். வராமல் என்ன செய்வான், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமே.

திங்கட்கிழமை வந்தான். அதற்குள் அனுப்ரியாவின் மேலிடமும் இன்னொரு வாய்ப்புக்குச் சம்மதித்திருந்தது. எதுவும் நடக்காதது போலத் தறியைத் துடைத்து, ஊசி மாற்றி, மறுபடியும் நெய்ய ஆரம்பித்தான். கன்னையன் டையிங்கில் இந்த முறை மூக்கையாவே போய் நின்று, சாயம் போட்டுக் கழுவியதோடு நிறுத்தி, சாஃப்ட்னர் தொட்டிப் பக்கமே விடாமல் பெல்ட்டை வெளியே எடுத்தான். நாலு பக்கிளில் மாட்டி, ஆளைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் ரோல் சுற்ற விட்டான். பெல்ட் கரடுமுரடாக, சாக்கு மாதிரி இருந்தது. இதை எந்தக் கடையில் வைத்தாலும் ஒருவனும் வாங்க மாட்டான் என்று செங்கோட்டையன் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது சோதனைக்கு அனுப்ரியா இருவரையும் கொட்டகைக்கே வரச் சொன்னாள். விமானம் என்று அங்கே ஒன்றும் இல்லை. நீளமான இரும்புத் தரையும், அதன் மேல் பச்சை பெல்ட்டில் கட்டுண்ட காங்கிரீட் கட்டியும்தான். ஜாக்கி ஏறியது. தரை சாய்ந்துகொண்டே போனது. பெல்ட்டுகள் முறுக்கேறி முனகின. செங்கோட்டையன் முருகா முருகா என்று வாய்விட்டே சொன்னார். கட்டி அசையவில்லை. அளந்து பார்த்தவர் ஒரு நூல் அளவுகூட வழுக்கல் இல்லை என்றார். அங்கிருந்த பெரிய இன்ஜினீயர்கள் கை தட்டினார்கள். அனுப்ரியா நேராக மூக்கையாவிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்க அரிசி மூட்டை கட்டிப் பாத்ததை ரிப்போர்ட்டுல எழுதியிருக்கறேங்க. உங்க பேரோட" என்றாள்.

மூக்கையா தலையை ஆட்டினான். சிரித்த மாதிரியும் இருந்தது. திரும்பி வரும்போது கார் முழுக்கச் செங்கோட்டையன்தான் பேசிக்கொண்டு வந்தார்.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூக்கையா திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லச் செங்கோட்டையனுக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தறிகள் நிற்கும். மற்ற ஆட்களெல்லாம் கை கால் கழுவிக்கொண்டு வாசல் வழியாகப் போய்விடுவார்கள். மூக்கையா மட்டும் மேசைக்கு வருவான். தன்னுடைய ஒயர் பையை மேசை மேல் வைத்து, சோறு கொண்டுவரும் தூக்குப்போசியின் மூடியைத் திறந்து காட்டுவான். துண்டை எடுத்து உதறுவான். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டு நிற்பான்.

"பாத்துக்கிருங்கய்யா."

முதல் நாள் செங்கோட்டையன் பதறிப்போனார். "அட, என்ன மூக்கையா இது, எடு மொதல்ல" என்றார். இரண்டாம் நாள் கெஞ்சினார். ஒரு நாள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டுக் கால்மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அவன் பைகளை வெளியே இழுத்துவிட்டபடியே நின்றுகொண்டிருந்தான். கொட்டகையில் கை தட்டல் வாங்கிய மறுநாளாவது விட்டுவிடுவான் என்று நம்பினார். அன்றும் ஆறு மணிக்கு வந்தான்.

"வேண்டாம்ப்பா. நேத்து அத்தனை பேரு முன்னால உன்ற பேரைச் சொன்னாங்க. இன்னும் எதுக்கு இது? எனக்கு உன்ற மேல ஒரு சந்தேகமும் இல்ல, முருகன் மேல சத்தியம்" என்றார் செங்கோட்டையன். மனதாரத்தான் சொன்னார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் தானாக ஒரு தடவை தூக்குப்போசிக்குள் போய்விட்டு வந்தது.

மூக்கையா அதைப் பார்த்தான். மூடியை எடுத்து மெதுவாகப் போசியை மூடினான். "நாளைக்கு வர்றேன்யா" என்று சொல்லிவிட்டுப் போனான்.